நாயுடுபுரத்து ஜன்னல் வழக்கு

கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 52. நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"டாக்டருக்கு வணக்கம். எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1994, குறிஞ்சி பூத்த வருசம். அதுக்கப்புறம் ரெண்டு தரம் பூத்திருச்சு, எங்க வீட்டு ஜன்னல் சண்டை மட்டும் தீரல. போன வருசம் அவுக வேலையில இருந்து ஓய்வு பெற்றுட்டாக, இப்ப பகல்லயும் சண்டை. ஐப்பசி பொறந்தா போதும், ஜன்னலை இழுத்துச் சாத்தி இடுக்குல பழைய பேப்பரைத் திணிச்சுருவாக. குரங்கு குல்லா, ரெண்டு ஸ்வெட்டர், மூணு கம்பளி. அதுவும் பத்தாதுன்னு நாலு நாளா குமுட்டி அடுப்புல கரி போட்டு படுக்குற ரூமுக்குள்ளயே கொண்டாந்து வைக்கிறாக. நான் நடுராத்திரி எந்திரிச்சு ஜன்னலைத் திறப்பேன், அவுக எந்திரிச்சுச் சாத்துவாக. எங்க அத்தை பகல்ல என் கட்சி, ராத்திரி மகன் கட்சி. பி.பி. மாத்திரையை நிறுத்தியாச்சு. குளுரு ஊர்ல ரத்தம் எப்படி ஏறும்னு கேக்குறாக. மலைப்பூண்டு தின்னா போதுமாம். நடந்துட்டு வாங்கன்னா ரோட்டுல காட்டுமாடு நிக்குதுங்குறாக. ராத்திரிக்கு நாலு தரம் பாத்ரூம். குறட்டையோ, டம்டம் பாறை வளைவுல சரக்கு லாரி ஏறுற மாதிரி. மக டொரன்டோவுல இருக்கா. இலையெல்லாம் செவந்து கொட்டுறதைப் பாக்க அடுத்த வருசம் வாங்கன்னு கூப்பிடுறா. சருகு பாக்க பிளேன் ஏறணுமா, நம்ம பேரி மரத்துக்கு அடியில நாற்காலி போட்டா போதாதாங்குறாக. எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், ராத்திரி கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறக்கணுமா, சாத்தணுமா? நீங்க எழுதினா கேப்பாக.

பின்குறிப்பு: எங்க அத்தைக்கு 84 வயசு. குளுருக்கு ராத்திரி ரெண்டு மூடி பிராந்தி நல்லதான்னு கேக்கச் சொன்னாக."

அம்மா, வணக்கம்.

ஜன்னலைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் குமுட்டி அடுப்பைத் தூக்கி வாசலுக்கு வெளியே வையுங்கள். இந்தப் பதிலை முழுதாகப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமல் வராது. புகையே இல்லாமல் கணகணவென்று சிவந்திருக்கும் கரியைப் பார்த்து "நல்லா பிடிச்சிருச்சு, இனி பயமில்ல" என்று உள்ளே கொண்டுபோகிறோம். அந்தக் கரிதான் அதை விடுகிறது. சாம்பல் பூத்து அணைந்ததுபோல் கிடக்கும்போதும் விடும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும், வெளியே ஓடிவிடலாம். தூங்குகிறவருக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. மலைக்குச் சுற்றிப் பார்க்க வந்து, அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்து, காலையில் எழாமலே போனவர்களின் செய்தி குளிர் காலத்தில் வருவதுண்டு. அவர்கள் செய்த அதே காரியத்தைத்தான் உங்கள் வீட்டுக்காரர் செய்கிறார், இடுக்கில் பேப்பரும் சேர்த்து.

நடுராத்திரி நீங்கள் எழுந்து ஜன்னலைத் திறந்ததை அவர் இத்தனை நாளாகத் திமிர் என்று நினைத்திருப்பார். இந்த நாலு நாளில் மூன்று உயிரையும் காப்பாற்றியது அந்தத் திமிராக இருக்கலாம். அதற்காக "அப்போ ஜன்னலைத் திறந்து வச்சுட்டு அடுப்பை வச்சுக்கலாம்ல" என்று அவர் பேரம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். படுக்கும் அறையில் கரி கிடையாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கிடையாது. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அங்கேயும் காற்றுப்போக்கு வேண்டும். காலையில் யாருக்காவது தலை கனத்து வாந்தி வருவதுபோல் இருந்தால் அதைப் பித்தம் என்று எலுமிச்சம்பழத்தைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, இனி கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

குளிர் ஊரில் ரத்த அழுத்தம் ஏறாது என்று உங்கள் வீட்டுக்காரர் ஒரு கொள்கை வைத்திருக்கிறார். இந்தக் கொள்கையை மூஞ்சிக்கல்லில் ஒரு டீக்கடை விடாமல் கேட்டிருக்கிறேன். பி.பி., சுகர் எல்லாம் வத்தலக்குண்டுக்குக் கீழே உள்ளவர்களின் நோய், 7000 அடி ஏறினால் அதற்கு மூச்சு வாங்கித் திரும்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நடப்பது நேர் எதிர். குளிர்ந்தால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைக்க. குழாய் சுருங்கினால் அழுத்தம் கூடும். கோடையில் ஒழுங்காக இருந்த அளவு கார்த்திகை, மார்கழியில் சில புள்ளிகள் மேலே போவது சாதாரணம். ஆக, அவர் மாத்திரையை நிறுத்துவதற்குத் தேர்ந்தெடுத்தது வருடத்திலேயே மோசமான பருவத்தை.

மலைப்பூண்டின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே 2019-இல் கிடைத்திருக்கிறது. ஆனால் குறியீடு கொடுத்தது பூண்டுக்கு, மாத்திரைக்குப் பதில் என்பதற்கல்ல. பூண்டு அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கக்கூடும். ரசத்திலும் குழம்பிலும் தாராளமாகப் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் பச்சைப் பூண்டை அள்ளித் தின்னக் கூடாது, அவ்வளவுதான்.

நிறுத்திய மாத்திரையைப் பழைய சீட்டைப் பார்த்து நீங்களாகத் தொடங்கிவிடவும் வேண்டாம். ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அளப்பதிலும் நம் ஊரில் ஒரு சிக்கல்: ஸ்வெட்டர். இரண்டு ஸ்வெட்டர் மேல் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அதுவே கையை இறுக்கும். ஒரு கையை முழுக்க வெளியே எடுத்துக்கொண்டு, கம்பளியைத் தோளில் போர்த்திக்கொண்டு அளக்கலாம். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பி, டீ, பீடி எதுவும் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. அளக்கும்போது யாரும் பேசக் கூடாது. குறிப்பாக ஜன்னலைப் பற்றி. வீட்டில் அளந்த சராசரி 135/85-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும்.

ராத்திரி நாலு தரம் பாத்ரூம் போவதற்குக் குளிரும் ஒரு காரணம். தோலிலிருந்து பின்வாங்கிய ரத்தம் உள்ளே சேரும், சிறுநீரகம் "தண்ணீர் அதிகம்" என்று கணக்குப் போட்டு வெளியே தள்ளும். ஆனால் 60 தாண்டிய ஆணுக்கு நாலு தரம் என்றால் எல்லாப் பழியையும் ஐப்பசி மேல் போட முடியாது. சர்க்கரை பார்க்க வேண்டும், புராஸ்டேட் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எத்தனை டீ என்று கேளுங்கள். ஓய்வு பெற்ற கணவர்கள் குடிக்கும் டீயின் கணக்கு அவர்களுக்கே தெரியாது. போட்டுக் கொடுப்பவருக்குத் தெரியும்.

குறட்டைக்கு நீங்கள் சொன்ன லாரி உவமையை நான் அப்படியே மருத்துவக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். ஒரு கேள்வி மட்டும்: அந்த லாரி சீராக ஏறிக்கொண்டே இருக்கிறதா, இல்லை வளைவில் சத்தமே இல்லாமல் நின்று, பத்து விநாடி போல் கழித்து ஒரு உறுமலோடு திரும்பக் கிளம்புகிறதா? நிற்கிறது என்றால் அது வெறும் குறட்டை இல்லை, தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது. காலையில் தலைவலி, பகலில் பேப்பர் படிக்கும்போதே தலை தொங்குவது, மாத்திரைக்கு அடங்காத பி.பி. எல்லாம் அதோடு சேர்ந்து வரும். ராத்திரியில் அடிக்கடி ஒண்ணுக்கு எழுப்பிவிடுவதும் அதன் வேலைதான். இரண்டு ராத்திரி போனில் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை செய்து பார்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம் இது. அவர் "நான் குறட்டையே விடுறதில்ல" என்பார். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். தூங்குகிறவரின் சாட்சியத்தை நாங்கள் ஏற்பதில்லை.

காட்டுமாடு விஷயத்தில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் வந்த பிறகுதான் அது நிற்பது தெரியும், அதுவும் தெரிந்த மாடு மாதிரி நகராமல் நிற்கும். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் தொல்லை. எனவே விடியற்காலையில் நடக்கவே வேண்டாம். இதய நோய்க்கும் குளிர்ந்த அதிகாலைதான் பிடித்த நேரம். மூடுபனி விலகி வெயில் எட்டிப் பார்க்கும் பத்து, பதினொரு மணிக்கு நடக்கட்டும். ஏரியைச் சுற்றினால் ஐந்து கிலோமீட்டர். முழுச் சுற்று வேண்டாம், பாதி போய்த் திரும்பினால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் நமக்குக் கணக்கு. கையில் சில்லறை கொடுத்து அனுப்பாதீர்கள். ஏரிக்கரையில் பஜ்ஜி போடும் வாசனைக்கு முன்னால் காட்டுமாடெல்லாம் ஒன்றுமே இல்லை.

இதுவரை எழுதியதெல்லாம் உங்கள் கடிதத்தில் தொண்ணூறு சதவீதத்துக்குப் பதில். மீதியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், ராத்திரி கொஞ்சம் வேர்க்கும்."

இந்த மலையில் நவம்பர் ராத்திரியில் வெப்பநிலை 10 டிகிரி பக்கம் இறங்குகிறது. அதில் வேர்க்கிறது, எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கும் அளவுக்கு வேர்க்கிறது என்றால் அது ஒண்ணுமில்லாமல் இல்லை. வீட்டுக்காரரின் மலச்சிக்கல் முதல் மறதிவரை தேதிவாரியாகச் சொல்லும் பெண்கள், தங்கள் உடம்பைக் கதவுக்கு வெளியே செருப்பு மாட்டும்போதுதான் சொல்வார்கள். நீங்களும் பிராந்திக்கு முந்தைய வரியில் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் வயதில் இதற்கு முதல் காரணம் மாதவிடாய் நிற்கும் பருவம். நம் நாட்டுப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. வேர்வையும் அனலும் அதற்கு முன்பே தொடங்கி, நின்ற பிறகும் சில வருடங்கள் நீடிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதிக்குப் பொறுமை போய்விடுகிறது. முன்பெல்லாம் கொஞ்சம் ஏறி இறங்கினால் கண்டுகொள்ளாது. இப்போது கம்பளிக்குள் துளி சூடு கூடினாலே "எரியுது, எரியுது" என்று வேர்வையைத் திறந்துவிடும். நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும், படபடக்கும், ஓரிரு நிமிடம், அதிகம் போனால் ஐந்து நிமிடம். பிறகு நனைந்த ஜாக்கெட்டோடு நடுங்கும். அப்போது ஜன்னலைச் சாத்தத் தோன்றும். ஆனால் அதற்குள் அவர் எழுந்து சாத்திவிட்டுப் போயிருப்பார், நீங்கள் கொள்கைக்காகத் திரும்பவும் திறப்பீர்கள்.

அதற்காக எல்லா ராத்திரி வேர்வையும் இதுதான் என்று முடிவுகட்டக் கூடாது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இவற்றில் ஏதாவது இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வேர்க்கும், படபடக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இன்னொன்று, மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு துளி ரத்தம் பட்டாலும் "சூடு பிடிச்சிருச்சு" என்று விடாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அது பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். சில சமயம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கும்.

மற்றபடி இதற்கு வைத்தியம் இருக்கிறது. தாங்க முடியாத அளவுக்கு இருந்தால், மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி போன்றவை வராதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை கொடுக்கலாம். ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. இதற்கெல்லாம் டாக்டரிடம் போகலாமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகலாம். அவரைக் கூட்டிக்கொண்டு வரும் அதே நாளில், ஆனால் உங்கள் பெயரில் தனிச் சீட்டு போட்டுக்கொண்டு வாருங்கள். "கூட வந்தவங்க" என்று நாற்காலி ஓரத்தில் உட்கார வேண்டாம்.

இப்போது ஜன்னல். ஒரு கட்டிலில் இரண்டு பருவம் படுத்திருக்கிறது. அவருக்கு மார்கழி, உங்களுக்குச் சித்திரை. இதில் நான் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஏற்பாடு மட்டும் சொல்கிறேன். மூணு கம்பளியை இரண்டு பேரும் சேர்ந்து போர்த்துவதை நிறுத்துங்கள். கல்யாணம் ஆனவர்கள் ஒரே போர்வையில்தான் படுக்க வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. அவருக்கு அவர் கம்பளிகள். உங்களுக்குப் பருத்திப் போர்வை ஒன்று, அதன் மேல் மெல்லிய கம்பளி ஒன்று, தூக்கித் தள்ளவும் இழுக்கவும் தோதாக. நைலான் நைட்டி வேண்டாம், பருத்தி போதும். மாற்று உடை ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். ஜன்னல் பக்கம் நீங்கள் படுங்கள், சுவர்ப் பக்கம் அவர். பேப்பரை எடுத்துவிட்டு, ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்கட்டும். மழைச் சாரல் அடித்தால் எதிர்ப்பக்க ஜன்னலைத் திறக்கலாம். ராத்திரி சாப்பாட்டில் காரத்தையும் சாயங்காலக் காப்பியையும் நீங்களும் குறைத்துப் பாருங்கள், அனல் குறைவதைச் சிலர் உணர்கிறார்கள். குல்லாவையும் காலுறையையும் அவர் போட்டுக்கொள்ளட்டும், அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. கால்மாட்டில் வெந்நீர்ப் பை வைக்கலாம், துணி சுற்றி. கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. அத்தைக்குச் சர்க்கரை இருந்து கால் மரத்திருந்தால் அவருக்கு அந்தப் பையே வேண்டாம். சுட்டாலும் தெரியாது, காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

பகல் சண்டைக்கு மருந்து என்னிடம் இல்லை. முப்பது வருடம் ஆபீசில் கையெழுத்துப் போட்டவருக்கு இப்போது வீட்டில் கையெழுத்துப் போட ஜன்னல் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. பேரி மரத்துக்குக் கவாத்து பண்ணும் காலம் வரப்போகிறது. அந்தக் கத்திரியைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

பேரி மரம் என்றதும் டொரன்டோ. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பேரியும் பிளம்ஸும் நம் மலையிலும் இலை உதிர்க்கிற மரங்கள்தான். அடைமழை ஓய்ந்து பனி தொடங்கும்போது கொல்லைப்புறம் முழுக்கச் சருகு. ஆனால் மேப்பிள் சிவப்பது வேறு காட்சி. பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைந்து, அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே வரும்; சிவப்பை அந்த மரம் அப்போதுதான் புதிதாகத் தயாரிக்கும். அங்கே செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய அதைப் பார்க்கலாம். அக்டோபரில் பகலில் 14 டிகிரி, ராத்திரி 7 என்ற அளவில்தான் இருக்கும். நாயுடுபுரத்தில் குப்பை கொட்டப் போவதற்கே குல்லா மாட்டுகிறவருக்கு அது புதிதல்ல.

பி.பி. கட்டுக்குள் இருந்தால் விமானம் ஏறத் தடையில்லை. மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம். விமானத்தில் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும். அதற்கு அங்கே காட்டுமாடு என்று காரணம் சொல்ல முடியாது. பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்ப வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அத்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள், கடைசி நாளில் அதுதான் டிக்கெட்டை ரத்துசெய்யும். ஒரு எச்சரிக்கை: அங்கே வீடெல்லாம் ஹீட்டர் போட்டிருக்கும், சுவரில் டிகிரியைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கும். அது மருமகன் கையில் இருக்கட்டும். உங்கள் இருவர் கண்ணிலும் பட வேண்டாம்.

கடைசியாக அத்தையின் பிராந்தி. குடித்தவுடன் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். உடம்பு கதகதவென்று இருக்கும். அந்தக் கதகதப்பு உள்ளேயிருந்து வெளியே ஓடிக்கொண்டிருக்கும் சூடு. கொஞ்ச நேரத்தில் உடம்பு முன்னைவிடக் குளிர்ந்துபோகும். 84 வயதில் உடம்பு சூட்டை உண்டாக்குவதும் குறைவு, குளிர்வதை உணர்வதும் குறைவு. போதாக்குறைக்கு ராத்திரி எழும்போது தள்ளாடி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அந்த வருடக் குளிர் முழுக்கக் கட்டிலில்தான். எனவே வேண்டாம். காலுறை, குல்லா, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய உடைகள், படுக்கப்போகும் முன் சூடாக ஒரு தம்ளர் பால் அல்லது சுக்குக் கஷாயம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி இரண்டையும் பற்றி அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வியில் "ரெண்டு மூடி" என்று அளவு இவ்வளவு துல்லியமாக இருப்பதைப் பார்த்தால், சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதாகப் படுகிறது. டாக்டரிடம் தினசரி மருந்துகளைச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டில் எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் காட்டிக்கொடுக்க வேண்டாம்.